ஒரு சாப்பாட்டுக்கு ஒரே இலை

1

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்குப் பிறந்தநாள். டொரன்டோவில் எங்கள் குடியிருப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் சின்ன உணவகத்துக்குப் போயிருந்தோம். நான், அவர், பதினான்கு வயது மகன் டேனியல்.

பக்கத்து மேசையில் வயதான ஒரு தம்பதி. ஒரு மீன் சாப்பாடு வரவழைத்து, கூடவே ஒரு வெறுந்தட்டும் கேட்டார்கள். பரிமாறும் பெண் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். பங்கு போட்டுச் சாப்பிட்டால் தனிக் கட்டணம். பெரியவர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அந்தத் தாளைக் கடைசி வரி வரை படித்தார். பிறகு சிரித்து, சரி என்றார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் மட்டும் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்தவர் மேசையைப் பார்க்காதே அம்மா, மரியாதை இல்லை" என்று டேனியல் ஆங்கிலத்தில் சொன்னான். வீட்டுக்கு வந்த பிறகு, "அம்மா, நீ பசி இல்லையா?" என்று தமிழில் கேட்டான். என்னைத் தேற்ற நினைக்கும்போது மட்டும்தான் அவன் தமிழுக்கு வருவான். ஏற்காட்டில் உன் மாமா, என் அண்ணன், கடையில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது என்று தொடங்கினேன். இலை என்று சொன்னதுமே, "லீஃபா? எதற்கு லீஃப்?" என்றான். விளக்கினேன். விளக்கி முடிப்பதற்குள் அவன் முகம் வேறெங்கோ போய்விட்டது. நானும் நிறுத்திவிட்டேன்.

அவனிடம் சொல்ல வராததை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு இலையை விளக்க வேண்டியதில்லை.

2

கனடாவுக்கு வந்த பின் முதல் ஒன்பது வருடமும் நான் ஒரே உணவகத்தின் சமையற்கட்டில் வேலை பார்த்தேன். நகரின் நடுவில், ஆபீஸ் கட்டிடங்களுக்கு இடையில் இருந்தது. மதியம் வாசல்வரை ஆள் நிற்கும்.

தொண்ணூறுகள் பிறந்தபோது இங்கே தொழில் படுத்துவிட்டது. எல்லா ஆபீஸிலும் ஆட்களைக் குறைத்தார்கள். சமையற்கட்டில் இருந்தவர்களுக்கு அது பத்திரிகையில் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. முதலில், சாப்பாட்டுக்குப் பின் இனிப்பு கேட்பது நின்றது. இறைச்சி சாப்பிட்டவர்கள் சூப்புக்கு இறங்கினார்கள். சூப்போடு கொடுக்கும் ரொட்டியில் இன்னொரு துண்டு கேட்டார்கள். கடைசியில் வீட்டிலிருந்து டப்பா கட்டிவந்து, எதிரே இருந்த பூங்காவில் குளிரில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தினமும் முகம் பார்த்துப் பழகியவர்கள். எங்கள் கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார்கள்.

முதலாளியம்மா கறாரானார். இரண்டாவது ரொட்டிக்குக் காசு, வெந்நீருக்குக் காசு, பங்கு போட்டால் காசு. அப்படியும் ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டு "லே ஆஃப்" என்றார். என் காதில் அது "டே ஆஃப்", ஒரு நாள் விடுமுறை, என்று விழுந்தது. நல்லது, திங்கட்கிழமை வந்துவிடுகிறேன் என்றேன். அவர் என் ஏப்ரனை வாங்கி நிதானமாக மடித்தார். அந்த மடிப்பைப் பார்த்த பிறகுதான் வேலை போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

வேலை போனவர்களுக்கான அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எந்தெந்த நாட்களில் வேலைக்குத் தயார் என்று ஒரு கேள்வி. எல்லா நாளும், ஞாயிறு காலை மாதா கோயில் பூசை நேரம் தவிர என்று எழுதினேன். படிவத்தை வாங்கிய அம்மாள் பேனாவால் கடைசிப் பாதியை அடித்துவிட்டு, "இப்படி எழுதினால் நீ தயாராக இல்லை என்று ஆகிவிடும்" என்றாள். கெட்ட மனசு இல்லை அவளுக்கு. என்னைக் காப்பாற்றத்தான் அடித்தாள். ஆனாலும் அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அந்த வாரம்தான் ஏற்காட்டிலிருந்து அந்தோணி அண்ணன் கடிதம் வந்தது. லில்லி அண்ணிக்குக் கர்ப்பப்பையை எடுக்கவேண்டும் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டாராம். மூன்று மாதம் அவளால் கடைப்பக்கம் வரமுடியாது. என்ன செய்வதென்று தெரியவில்லை கண்ணு என்று முடித்திருந்தார். அண்ணன் உதவி கேட்டு எழுதிய முதல் கடிதம் அது.

எனக்கு நீண்ட லீவு கிடைத்திருக்கிறது, நான் வருகிறேன் என்று பதில் எழுதினேன். நாட்டை விட்டுப் போகும் நாட்களுக்கு உதவித்தொகை கிடையாது என்று அலுவலகத்தில் சொன்னார்கள். டேனியலைக் கணவர் பார்த்துக்கொண்டார். டிக்கெட்டுக்கு என் வளையல் போயிற்று. அண்ணனுக்கு எழுதியது லீவு என்ற அந்த ஒரு வார்த்தைதான். அதைக் காப்பாற்ற எத்தனை பொய் சொல்லவேண்டியிருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

3

அண்ணன் கடை ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஏரிக்குப் போகும் வழியில் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. அந்தோணி மெஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஏழெட்டு மேசை. சமையல் அண்ணன். கல்லாவில் அண்ணி. பரிமாறுவதற்கு ராசு என்று அண்ணன் வயதுக்காரர் ஒருவர். வெளியூர்க்காரர்கள் கோடையில் வருவார்கள், ஆனால் அவர்களை நம்பி நடந்த கடை இல்லை அது. சுற்றியுள்ள எஸ்டேட்களில் வேலை செய்பவர்களும், சொந்தமாகக் கொஞ்சம் காப்பி வைத்திருந்த மலைக்காரர்களும்தான் அண்ணனின் ஆட்கள். சனிக்கிழமை கூலி வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து கறிக்குழம்பு சாப்பிடுவார்கள். பூசை முடிந்து கோயிலிலிருந்து நேராக வருகிறவர்களும் உண்டு. நான் கனடாவுக்குப் போகுமுன் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் நின்றுகொண்டே இடத்துக்குக் காத்திருப்பார்கள்.

இந்தமுறை நான் போனபோது காப்பி விலை விழுந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எஸ்டேட்களில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. சில இடங்களில் பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டிருந்தார்கள். கறுத்துக் காய்ந்து கிடந்ததை பஸ்ஸிலிருந்தே பார்த்தேன்.

கல்லாவில் உட்கார்ந்த முதல் வாரமே எனக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருந்தது. ஒரு முறை பார்த்த வீழ்ச்சிதானே. கறி கேட்டவர்கள் வெறும் குழம்பு கேட்டார்கள். சாப்பாடு சாப்பிட்டவர்கள் தூக்குப்போசியோடு வந்து குழம்பு மட்டும் வாங்கிப்போய் வீட்டுச் சோற்றில் ஊற்றிக்கொண்டார்கள். பிறகு அதுவும் குறைந்து, டீயும் பன்னும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் பதினைந்து வருடமாக எங்களிடம் சாப்பிட்டவர். இப்போது டிபன் பாக்ஸோடு வந்து அதே மூலையில் உட்கார்ந்து, "ஏனுங்க, கொஞ்சம் ரசம் மட்டும் கெடைக்குங்களா?" என்று கேட்பார். அண்ணன் ரசத்தோடு ஒரு கரண்டிப் பொரியலும் கொண்டுபோய் வைப்பார். ரைட்டர் அதைத் தொடுவதற்குமுன் ஒரு நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார்.

"இப்பிடியே குடுத்தா கட நிக்காதுண்ணா" என்றேன்.

"வேல மூணு நாள்னு ஆகிப்போச்சு. ஊட்ல ஒல வெக்கறதே யோசனையா இருக்குது அவங்களுக்கு. இதுல நம்ம கடைக்கி வர்றாங்களே, அதுவே பெருசு கண்ணு."

"எங்க ஊர்ல இப்பிடி இல்லண்ணா. சட்டம்னா சட்டம். அதான் அங்க கடைங்க நிக்கிது."

அப்படிச் சட்டம் போட்ட எங்கள் டொரன்டோ உணவகமே நான் கிளம்புமுன் மூடிவிட்டது. எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. கனடாவிலிருந்து வந்தவள் சொல்கிறாள் என்று அவர் கேட்டுக்கொண்டார். "நீ பாத்துக்க சாமி. எனக்கு அடுப்படிதான் தெரியும்" என்று உள்ளே போய்விட்டார்.

கடைச் சுவரில் எண்ணெய்ப் பெயின்டில் எழுதிய ஒரு பழைய வரி இருந்தது. ஒரு சாப்பாட்டுக்கு ஒரே இலை. புகையேறி மங்கியிருந்ததை நான் ஈரத்துணியால் துடைத்து எடுப்பாக்கினேன்.

4

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி இருக்கும். கரடியூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வந்தது. புருசன், பெண்டாட்டி, பெரிய பெண் ஒன்று, சின்னப் பையன்கள் இரண்டு பேர். ஒரு தகரப்பெட்டியும் இரண்டு துணிமூட்டையும் வைத்திருந்தார்கள். மேசைக்கு அடியில் அவற்றைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்கள். பையன்கள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார்கள். ராசு அந்த மனிதரைப் பார்த்ததும், "வாங்க பொன்னுசாமி, நொம்ப நாளாச்சு" என்றார்.

பொன்னுசாமி நேராக என்னிடம் வந்தார். குனிந்து, பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"ஏனுங்க, மூணு சாப்பாடு போதுமுங்க. அஞ்சு எலை போட்டுக் குடுத்தீங்கன்னா பிரிச்சுச் சாப்புட்டுக்குவோமுங்க."

நான் சுவரைக் காட்டினேன்.

"எனக்குப் படிக்க வராதுங்க."

"ஒரு சாப்பாட்டுக்கு ஒரு எலைதாங்க. மூணு சாப்பாடுன்னா மூணு எல. அஞ்சு பேருக்குன்னா அஞ்சு சாப்பாடு வாங்கிக்கோங்க."

"குழம்பு கொஞ்சமா ஊத்துனாப் போதுமுங்க. அதிகமாக் கேக்க மாட்டோமுங்க."

"ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுக்கோணும். கட நடக்காதுங்க."

நான் குரலை உயர்த்தவில்லை. மரியாதையாகத்தான் சொன்னேன். டொரன்டோவில் எங்கள் முதலாளியம்மா சொல்வதுபோலவே, முகத்தில் சிரிப்போடு. அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் "சரிங்க" என்றார். மேசைக்குப் போய் மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் முதலில் மூட்டையை எடுத்தாள். சின்னப் பையன் எழுந்திருக்க மறுத்து மேசையைப் பிடித்துக்கொண்டான். அக்காக்காரி அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஐந்து பேரும் வெளியே போனார்கள். ராசு தண்ணீர் டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, அவங்களப் போகச் சொன்னீங்க?"

"நான் போகச் சொல்லல. சட்டத்தச் சொன்னேன்."

ராசு உள்ளே போய் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் கரண்டியோடு வெளியே வந்தார். என்னைக் கேட்டதெல்லாம் ஒன்றுதான். "பெட்டி இருந்துச்சா?"

"இருந்துது. தகரப்பெட்டி."

அண்ணன் திரும்பிப்போய் ஒரு போசியில் சோற்றை அள்ளினார், இன்னொன்றில் கறிக்குழம்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினார். அண்ணன் ஓடி நான் பார்த்ததில்லை. கால்மணி நேரத்தில் திரும்பி வந்தார். போசி இரண்டும் அப்படியே இருந்தன.

"சேலம் பஸ்ஸு கெளம்பிருச்சு."

"எங்க போறாங்கண்ணா?"

"திருப்பூருக்கு. பனியன் கம்பெனியில சேத்துவுடறேன்னு ஒருத்தன் கூப்புட்டிருக்கறான். ஊட்டப் பூட்டிட்டு மொத்தமாப் போறாங்க. போறப்ப நம்ம கடையில ஒருவாட்டி புள்ளைங்களோட சாப்புட்டுப் போறேன்னு போன வாரமே சொல்லியிருந்தான். மகள் நிச்சயத்துக்குக்கூட இங்கதான் எல்லாரையும் கூட்டியாந்தான் அவன்."

சுவரைக் காட்டினேன், இன்னொரு முறை, பொன்னுசாமிக்குக் காட்டியதுபோலவே.

"அது நான் எழுதுனதில்ல கண்ணு. எனக்கு முந்தி இங்க கட வெச்சிருந்தவரு எழுதுனது. அழிக்கோணும் அழிக்கோணும்னு இருந்தேன். யாரும் அதப் பாக்கறதில்லியே, எதுக்குன்னு வுட்டுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. அன்று மதியம் மீந்த சோற்றை ராசு ஆற்றி மூடி வைத்தார். நாங்கள் மூன்று பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் கடையை ராசுவிடம் விட்டுவிட்டு நானும் அண்ணனும் கரடியூருக்குப் போனோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அவர்களுடைய ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். திருப்பூரில் எந்த இடம் என்று அவளுக்குத் தெரியவில்லை. "எழுதிப் போடறேன்னாங்க. யாரு எழுதறது, யாரு படிக்கறது" என்றாள். வாசலில் பொன்னுசாமியின் காப்பிச் செடிகள் பதினைந்து இருபது நின்றன. களை எடுத்து, கவாத்து செய்து, ஒழுங்காக இருந்தன. போவதற்கு முந்தின நாள்கூட வேலை செய்திருக்கிறார்.

5

அண்ணி எழுந்து நடமாடியதும் நான் டொரன்டோவுக்குத் திரும்பினேன். கிளம்பும் அன்று அண்ணன் சேலம்வரை வந்தார். "ஒனக்கு லீவு இன்னும் இருக்கும்ல கண்ணு, ஒரு வாரம் இருந்துட்டுப் போயேன்" என்றார். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். லீவு இல்லை அண்ணா, எனக்கு வேலையே இல்லை என்று. பொன்னுசாமியைத் திருப்பி அனுப்பியது கனடாவில் பெரிய உத்தியோகம் பார்க்கிறவள் இல்லை, அவரைப்போலவே வேலை போன ஒருத்தி என்று. சொல்லவில்லை. முதலாளி கூப்பிடுகிறார் என்று இன்னொரு பொய் சொல்லி ரயிலேறினேன்.

ஏழு மாதம் கழித்துக் கடையை மூடிவிட்டதாக அண்ணன் எழுதினார். யார் மீதும் குறை சொல்லவில்லை. கடைசி மாதங்களில் குழம்பு வாங்க வருகிறவர்கள்கூட இல்லையாம். ராசு மகள் வீட்டோடு மாரமங்கலத்துக்குப் போய்விட்டார். ஐம்பத்தாறு வயதில் அண்ணன் யாரோ சொல்லித் திருப்பூரில் ஒரு கம்பெனி கேன்டீனுக்குச் சமையல்காரராகப் போனார். அண்ணி ஏற்காட்டிலேயே இருந்தாள். அவள் உடம்புக்கு அந்த வெயில் ஒத்துக்கொள்ளாது.

அந்தக் கடிதம் வந்த அன்றுதான் நான் எல்லாவற்றையும் எழுதினேன். லே ஆஃப், படிவம், வளையல், எல்லாம். அதற்குள் இங்கே ஓர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வேலை கிடைத்த பிறகுதான் உண்மை எழுத முடிந்தது என்பதையும் எழுதினேன். அண்ணன் பதிலில் அதைப்பற்றி ஒரே வரி. "நீ அங்கயும் பட்டினி கெடந்தியா?" அவ்வளவுதான்.

மறு வருடம் காப்பி விலை ஏறியது. இங்கே பத்திரிகையில்கூட எழுதினார்கள், எங்கோ பனி விழுந்து செடிகள் கருகிவிட்டன என்று. யாருடைய செடியோ கருகினால்தான் நம் மலைக்கு விடிகிறது. அண்ணன் கடை இருந்த இடத்தில் ஒருவர் புரோட்டாக் கடை வைத்திருப்பதாகவும், ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைப்பதில்லை என்றும் அண்ணி எழுதினாள். பழைய ஆட்கள் எல்லாம் வருகிறார்களாம். போனவர்கள் யாரும் திரும்பவில்லையாம்.

6

இந்த வருடம் தவக்காலத்தில் அண்ணனிடமிருந்து ஒரு நீண்ட கடிதம் வந்தது. கேன்டீனில் வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டு, மலைக்காரப் பெண்ணா என்று கேட்டிருக்கிறார். ஆமாங்க, கரடியூருங்க என்றாளாம். பெயர் செல்வி. பொன்னுசாமியின் பெரிய பெண். நிச்சயம் செய்த இடம் என்ன ஆயிற்று என்று அண்ணன் கேட்கவில்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஏற்காட்டில் கடை வைத்திருந்தவன் நான்தான் என்று அண்ணன் சொன்னதும் அவளுக்கு முகம் மலர்ந்ததாம்.

"கெளம்புன அன்னிக்கி ஒங்க கடைக்கித்தானுங்க வந்தோம். சோறு தீந்துபோச்சுன்னு அப்பா சொன்னாரு. தம்பி பஸ்ஸு பூரா அழுதுட்டே வந்தான். அவ்வளவு கூட்டமுங்களா அப்ப?"

அண்ணன் ஆமாம் கண்ணு, கூட்டம் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் லீவு. அண்ணன் தன் ஒற்றை அறையில் கறிக்குழம்பு வைத்து, குடும்பத்தோடு வரச்சொல்லியிருக்கிறார். செல்வியும் அவள் அம்மாவும் வந்தார்கள். பையன்கள் இரண்டு பேரும் வளர்ந்திருந்தார்கள். பெரியவன் பனியன் கம்பெனிக்குப் போகிறானாம். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான். பொன்னுசாமி தெருமுனை வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டார்.

அண்ணன் இறங்கிப்போய்க் கூப்பிட்டார்.

"வா பொன்னுசாமி. எலை போட்டாச்சு."

"இருக்கட்டுங்ணா. அவங்க சாப்புடட்டும். எனக்கு இப்பத்தான் வயிறு நெறைஞ்சிருக்குதுங்க."

"என் தங்கச்சிக்கு வெவரம் பத்தல. நான் மன்னிப்புக் கேக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா. கடைன்னா அப்பிடித்தானுங்க."

அண்ணன் இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. உள்ளே போய் உட்காரவும் மனம் வரவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு வரும்வரை, சாயப்பட்டறைக் கழிவு ஓடும் கால்வாய் ஓரத்தில், வெயிலில், அவரோடு நின்றுகொண்டிருந்திருக்கிறார். மலையில் இந்த வருடம் மிளகு எப்படி என்று பொன்னுசாமி கேட்டாராம். அண்ணனும் ஊர்ப்பக்கம் போய் நாளாகிவிட்டது. தெரிந்ததைச் சொன்னாராம்.